ஒன்றுக்கும் உறுதி சொல்லாத யோகா டீச்சர்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடுதல்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் என் விரலால் ஒருமுறை தூக்கிப் பார்த்த பிறகுதான் வாங்குவேன். மஸ்கட்டில் இருக்கிற என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்து "சாப்பிட்டாச்சு" என்றால், "தட்டக் காட்டுங்க" என்பேன். நாகர்கோவில் பக்கம் கருங்கல் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பி எடுப்பதோடு மனுவும் எழுதிக் கொடுப்பேன். நான் எழுதினால் எதிராளி தப்ப முடியாது என்று ஆட்கள் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படி நான் எழுதிய ஒரு மனுவால் வேலை போனவரைப் பற்றித்தான் இது. எதிரே இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்க வந்தவர். என் மகள் பிரின்சிக்கு முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு வருகிறது என்பதை, பெற்ற நான் பார்ப்பதற்கு முன்னே பார்த்தவர். அதைச் சொல்ல நாலு மாதம் என் பின்னால் நடந்தார். நான் காது கொடுக்கவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போதும் போதும் என்கிற அளவுக்கு அந்தப் பெயரை நானே அச்சடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த நாட்களில் என் வாயில் 'அவள்' என்றுதான் வரும். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. வரட்டும்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது என் கடையில்தான். யோகா வகுப்பு தொடங்கப் போவதாகப் பெற்றோருக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துத் தாளாளர் முந்தின நாள் வந்து, சொல்லச் சொல்ல என்னைக் கொண்டே டைப் அடித்திருந்தார். 'யோகாவின் பத்து நன்மைகள்.' நினைவாற்றல் பெருகும். மதிப்பெண் கூடும். உயரம் வளரும். சளி அண்டாது. கண்ணாடி போட வேண்டி வராது. இப்படி ஒன்பது வந்துவிட்டது, பத்தாவது கிடைக்காமல் தாளாளர் தாடையைச் சொறிந்தார். "பெற்றோர் சொல் கேட்பார்கள்ன்னு போடட்டா சாரே" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் அந்த நோட்டீஸைப் பார்த்துச் சரி சொல்ல இவரை அனுப்பியிருந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், வெளுத்த பருத்திச் சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சிலுவை இல்லை, தலையில் முக்காடும் இல்லை. எனக்கு அங்கேயே மனசில் ஒரு முடிச்சு விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் சபையா, கோயிலா, பள்ளிவாசலா என்று அரை நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"பேச்சிப்பாறை பக்கம்."

"பக்கம்ன்னா?"

"பக்கந்தான்."

சரி, இது வாயைத் திறக்காத ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேசையிலிருந்து என் பேனாவை எடுத்து நோட்டீஸில் கோடு போட ஆரம்பித்தார். நினைவாற்றல் போனது. உயரம் போனது. கண்ணாடி போனது. நான் சொல்லிப் போட்ட பத்தாவதைக்கூட ஒரு சிரிப்போடு வெட்டினார். கடைசியில் தலைப்பு மட்டும் நின்றது.

"என்ன டீச்சர், ஒண்ணுகூட உள்ளது இல்லியா?"

"உள்ளதா இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதத உறுதியா எழுதக் கழியாதுல்லா." அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினார்: 'பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கப் படிப்பார்கள். விழுந்தால் சிரித்துவிட்டு எழும்பப் படிப்பார்கள்.'

"இதுக்கு எவன் பிள்ளைய அனுப்புவான்?"

"சும்மா இரிக்கது லேசுன்னு நெனச்சியளா? ஒருநாள் இருந்து பாருங்க."

தாளாளர் கடைசியில் பத்து நன்மையோடுதான் நோட்டீஸ் கொடுத்தார், அது வேறு கதை. ஆனால் எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். தான் விற்கிற மோர் புளிக்கும் என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், மோருக்கு அடியில் வேறென்னமோ வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அவர் வகுப்பு எடுப்பது பள்ளிக்கூடத்துத் திறந்த கூடத்தில். என் கடையில் இருந்து பார்த்தால் முழுசும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் இங்கே, மற்ற நாட்களில் வேறு இரண்டு பள்ளிக்கூடங்களில். வந்ததும் பாயை விரிக்க மாட்டார். வரிசையாகப் பிள்ளைகளிடம், "காலத்த என்ன தின்ன?" என்று கேட்பார். காலைச் சாப்பாடு புட்டு, தோசை, ரொட்டி, ஒன்றும் இல்லை என்று பதில் வரும். கேட்டுவிட்டுச் சிலரை ஓரமாக உட்கார வைப்பார். இந்தக் கேள்வி எங்கள் ஜெபக்கூட்டம் வரைக்கும் போய்விட்டது.

"பிள்ளைய வீட்டுல மீனும் இறைச்சியும் தின்னுதான்னு உளவு பாக்கா" என்றார் லீலா மைனி. என் அண்ணன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பவர். சந்தேகத்தில் எனக்கு அக்காள் முறை. "இன்னைக்கு கேப்பா, நாளைக்கு தின்னாதன்னு சொல்லுவா, மறுநா ஓதச் சொல்லுவா. நீ பாத்துட்டு இரி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பார்சல் வாங்கப் போனால், மூலை மேசையில் இந்த டீச்சர் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் வைத்துக்கொண்டு முள்ளை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நல்ல சாளை, கேட்டியளா" என்றார். வேறொருத்தி என்றால் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்குக் கூடியது. யோகா சொல்லிக்கொடுக்கிறவள் சாளை தின்பாளா? அப்படியானால் இவள் படித்தது உண்மையான யோகாதானா? மீன் தின்னாவிட்டால் ஒரு குற்றம், தின்றால் ஒரு குற்றம். என் மனசு அப்படி.

வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்த பிள்ளை உடனே குனிந்து நிமிர்ந்தால் வாந்தி எடுக்கும், ஒன்றும் தின்னாத பிள்ளைக்குத் தலை சுற்றும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. இதைப் பிரின்சி என்னிடம் பலமுறை சொன்னாள். பிள்ளையை வசியம் பண்ணி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை உண்டு. பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளி ரத்தம் கட்ட வைக்கும். யோகா தொடங்கி இரண்டு மாதத்தில் அந்தக் கிள்ளல் நின்றுவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் அதன் அம்மா எழுந்து நின்று அழுதுகொண்டே, "எல்லாம் யோகாவாலதான், டீச்சர் எனக்க பிள்ளைய மாத்திட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். தாளாளர் முகமெல்லாம் பல். நாங்கள் எல்லோரும் இவரைப் பார்த்தோம்.

"யோகாவால இல்ல" என்றார் இவர். "பிள்ள காலத்த ஒண்ணும் தின்னாம வந்துட்டு இருந்துது. பசி. இப்பம் டீச்சருமாரு ரெண்டு இட்டிலி குடுக்காங்க. அதான்."

அந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. தாளாளர் இருமினார். எனக்கோ, கிடைத்த பேரை இப்படித் தூக்கி எறிகிறவள் எதற்கு அடிபோடுகிறாள் என்று தலை குடைந்தது. அடக்கமா, நடிப்பா? அடக்கம் என்று ஒன்று மனுஷருக்கு உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இனி சவக் கதைக்கு வருகிறேன்.

பிரின்சி அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் பையை வைத்ததும் கேட்டேன். "ஏட்டி, இன்னைக்கு யோகாவுல என்ன படிச்ச?"

"சவமா கெடக்கப் படிச்சோம்."

"என்னது?"

"சவமா. எல்லாரும் சவம் மாதிரி கெடங்க, ஆடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. நான்தான் நல்ல சவமாம்."

எங்கள் ஊரில் சவம் என்கிற சொல் இல்லாமல் ஒரு பொழுது போகாது. மிக்ஸி ஓடாவிட்டால் சவம், பஸ் நிற்காமல் போனால் சவம், பெற்ற பிள்ளை பால் குடிக்காமல் சிணுங்கினால் "சவமே, குடிச்சுத் தொலை". அது எங்களுக்குத் திட்டில் சேர்த்தியே இல்லை. ஆனால் அது அவரவர் வீட்டுக்குள். எங்கிருந்தோ வந்த ஒருத்தி என் பிள்ளையைச் சவம் என்பதா? அதுவும் அவள் அப்பன் கடல் தாண்டி இருக்கும்போது? மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பிரின்சியையும் பிடித்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனேன்.

"பிள்ளைகள சவம்ன்னு விளிச்சியளா?"

"விளிக்கல்ல. அந்தக் கெடப்புக்குப் பேரு சவாசனம். சவம்ன்னா பொணம்லா. பொணம் மாதிரி அசையாம கெடந்து மூச்சு போறதயும் வாறதயும் பாக்கது."

சவத்தை விடப் பொணம் எனக்கு மோசமாகப் பட்டது. "எனக்க பிள்ளைய பொணமாக்கவா இங்க விட்டிருக்கேன்?" என்று கத்தினேன். பிள்ளைகள் பாயில் இருந்து எழுந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "பேரு பிடிக்கல்லன்னா மாத்திருவோம், பேருல என்ன இருக்கு. ஒண்ணு கேக்கட்டா? இன்னைக்குக் காலத்த பிரின்சிய நீங்க எத்தன மட்டம் சவமேன்னு விளிச்சிய?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். தலை பின்னும்போது ஒன்று, ஷூவுக்கு ஒன்று, டிபன் டப்பாவுக்கு ஒன்று.

"நாலு மட்டம்" என்றாள் பிரின்சி.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, "டீச்சர், கரையேத்துன வள்ளம்ன்னு வைப்போம்" என்றது. அன்றிலிருந்து அந்தக் கிடப்புக்கு வள்ளம் என்று பேர். எல்லோருக்கும் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. நாலு பேர் முன்னால் என்னை நாணங்கெடுத்தவள் என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குனியல். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கப்போட்டு, மெதுவாக முன்னால் குனியச் சொல்வார். எல்லா யோகா வகுப்பிலும் உள்ளதுதான். ஆனால் இவர் முன்னால் நின்று காட்டாமல் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பார். பார்வை என்றால் அப்படி ஒரு பார்வை, கண் இமைக்காமல். கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இது கண்ணில் பட்டது. ஒருநாள் பிரின்சியின் பின்னால் நின்றவர் அவளை மட்டும் மூன்று தடவை குனிய வைத்தார். சட்டைக்கு மேலே, கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் இரண்டு விரலை இழுத்துப் பார்த்தார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

அன்றைக்கே பிரின்சி வந்து சொன்னாள். "அம்மா, ஒன்ன ஒருக்கா வரச் சொன்னாங்க டீச்சர். தனியா பேசணுமாம்."

"எதுக்காம்?"

"சொல்லல்ல. ஒண்ணும் இல்ல மக்கா, அம்மாட்ட சும்மா பேசணும்ன்னாங்க."

லீலா மைனியிடம் கேட்டேன். "தனியான்னு சொன்னாளா? அப்பம் அதுல என்னமோ உண்டு" என்றார் மைனி. "பிள்ளைய எங்கயாம் ஆசிரமத்துக்கு கூட்டிட்டுப் போறதுக்கா இருக்கும். நீ போகாண்டாம்." நான் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் சொல்லி அனுப்பினார். போகவில்லை. போன் பண்ணினார், எடுக்கவில்லை. நாலாவது மாதம் ஒருநாள் கடைக்கே வந்தார். ஆதார் காப்பிக்கு ஆறேழு பேர் நிற்கிறார்கள்.

"பிரின்சிக்கக் காரியம். ரெண்டு நிமிஷம் உள்ள வாறியளா?"

"இங்கயே சொல்லுங்க. எனக்கு ரகசியம் ஒண்ணும் கிடையாது."

அவர் சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்தார். "இத்தன பேருக்கு முன்ன வேண்டாம். பெண்பிள்ளைக்கக் காரியம்லா" என்றார்.

"அப்பம் எனக்கு கேக்கண்டாம்."

படியிறங்கிப் போய்விட்டார். பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசக் கூடாது என்று நினைத்த அந்த ஒரு மரியாதையைத்தான் நான் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் நான் மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதில் நல்ல மனு அது. 'மேற்படி யோகா ஆசிரியை மாணவ மாணவியரைக் குனிய வைத்துப் பின்புறம் நின்று உற்று நோக்குவதாகவும், முதுகில் கை வைப்பதாகவும், பெற்றோரைத் தனியே சந்திக்க வற்புறுத்துவதாகவும்...' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பெற்றோர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள். காப்பி எடுத்தேன். லீலா மைனி ஒன்றை வாட்ஸ்அப்பில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

விசாரணை என்று தாளாளர் அறையில் எங்களைக் கூப்பிட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே பத்துப் பதினைந்து பெற்றோர். இவர் ஒரு நாற்காலியில் தனியாக.

"பிள்ளைகளத் தொட்டது உள்ளதா?" என்றார் தாளாளர்.

"ஒரு பிள்ளைய. முதுகத் தொட்டுப் பாத்தேன்."

"எதுக்கு?"

"அத பிள்ளைக்க அம்மாட்ட மட்டும் சொல்லுவேன்." என் பக்கம் திரும்பினார். "இப்பமாவது கேளுங்க. வெளிய வாருங்க, ஒரு நிமிஷம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போயிருக்கலாம். கதவு நாலடி தூரம். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இவியகிட்ட பேச ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபமோ அழுகையோ இல்லை. வாசலில் யாரையும் பார்க்காமல் செருப்பைப் போட்டார். குற்றம் செய்தவள்தான் இப்படி முகம் பார்க்காமல் போவாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். இனி வர வேண்டாம் என்று தாளாளர் அன்றைக்கே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வெயிலில் கடையில் ஒருத்தரும் இல்லை. அவர் வந்து மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார்.

"ஒரு காப்பி."

முகத்தைப் பார்க்காமல் வாங்கி, கண்ணாடியில் கவிழ்த்து, பொத்தானை அழுத்தினேன். காப்பி சூடாக வந்து விழுந்தது. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். கண் தானாகப் போனது. ஒரு பிள்ளையின் முதுகைப் பேனாவால் வரைந்திருந்தது. நடுவில் ஒரு கோடு, வளைந்து. கீழே: 'பிரின்சி, ஆறாம் வகுப்பு. குனியும்போது வலது பக்க முதுகு தூக்கித் தெரிகிறது. இடது தோள் தாழ்ந்திருக்கிறது. சீக்கிரம் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். யோகாவால் இது நேராகாது. நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.'

நான் நிமிர்வதற்குள் அவர் காப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கண்ணாடியில் ஒரிஜினலை மறந்து போகிறவர்கள் தினமும் பத்துப் பேர் உண்டு. வாய்ப்பழக்கத்தில் கூப்பிட்டேன். "டீச்சர், ஒரிஜினல்!"

"அது ஒங்களுக்குத்தான்" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வாயால் சொன்னால் நான் கேட்க மாட்டேன், காப்பிக்குத் தந்தால் படிக்காமல் இருக்க மாட்டேன் என்று கண்டு வைத்திருக்கிறார். அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பழி வாங்குகிறாள். வேலை போன ஆத்திரத்தில் என் பிள்ளைக்கு இல்லாத நோவை எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். காகிதத்தை ஸ்டாப்ளர் டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு இரண்டு நாள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது நாள் பிரின்சி குளித்துவிட்டு, தலை துவட்ட முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏட்டி, ஒருக்கா குனி."

"டீச்சர் சொன்ன மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, காலைச் சேர்த்து, கையைத் தொங்கப்போட்டு, அழகாகக் குனிந்தாள்.

வலது பக்கம் விலா எலும்பு மேடாக எழும்பி நின்றது. இடது பக்கம் பள்ளம். ஈரத் துண்டு என் கையில் இருந்து விழுந்துவிட்டது. கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் இரண்டு விரலை இழுத்துப் பார்த்தேன். தினமும் இந்தப் பிள்ளைக்குத் தலை பின்னியிருக்கிறேன், சட்டை மாட்டியிருக்கிறேன், தோள் ஒரு பக்கம் சாய்கிறதென்று பார்த்து, "நேரா நில்லுட்டி சவமே" என்று முதுகில் அடித்தும் இருக்கிறேன். நேராக நிற்கக் கூடாமல்தான் அது சாய்ந்து நின்றது. ஊரில் உள்ளவர் மனசை எல்லாம் துருவித் துருவிப் பார்த்த எனக்குப் பெற்ற பிள்ளையின் முதுகைப் பார்க்கக் கண்ணில்லை.

நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் பிரின்சியை முதலில் அதே மாதிரிதான் குனிய வைத்தார். பின்னால் நின்றுதான் பார்த்தார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வளர்ச்சி நிற்கும்வரை முதுகைச் சுற்றிக் கெட்டி பிளாஸ்டிக் பெல்ட் போட வேண்டும், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"யோகா டீச்சர்."

"நல்லாப் பாத்திருக்காங்க. இன்னும் நாலஞ்சு மாசம் முன்னாலயே வந்திருக்கலாமே?"

என் வீட்டுக்காரரிடம்கூட அந்தக் கேள்வியை நான் இன்னும் சொல்லவில்லை.

பிறகு அவரைத் தேடினேன். போன் அணைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த விலாசத்தைப் பிடித்துப் பேச்சிப்பாறைக்குப் போனால், வாடகை வீடு, பூட்டு. திருவனந்தபுரம் போய்விட்டதாக ஒருவர், கல்ஃபில் வீட்டுவேலைக்குப் போனதாக இன்னொருவர். தாளாளரிடம் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். "அதுக்கு இப்பம் என்ன, வேற மாஸ்டர் வந்தாச்சு" என்றார். புது மாஸ்டர் பத்து நன்மையோடு இன்னும் இரண்டு சேர்த்து நோட்டீஸ் அடிக்க என்னிடமே வந்தார்.

ஆள் கிடைக்காவிட்டாலும், பேரையாவது சரி பண்ண வேண்டும். என் மனு போன இடத்துக்கெல்லாம் இன்னொரு கடிதம் போக வேண்டும். அதையும் என் வழக்கப்படி எழுதினேன். 'பொருள்: முன்னர் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல். தவறான புரிதலின் காரணமாக மேற்படி புகார் அளிக்கப்பட்டது.' அவர் வேலை செய்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு, பெல்ட் சரிபார்த்துவிட்டு வருகிற வழியில், பிரின்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெல்ட் போட்டிருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் ஒரு அளவு பெரிய சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தாள். கூட்டாளிகளிடம்கூடச் சொல்லவில்லை.

அங்கே அலுவலகத்தில் ஒரு கிளார்க் அம்மா. பெஞ்சில் ஐந்தாறு பெற்றோர். அந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் பார்வை அது.

"அன்னைக்கு தொட்டாங்கன்னு எழுதினது நீங்க. இன்னைக்கு இல்லன்னு எழுதுகதும் நீங்க. எத நம்ப? இதுல என்னமோ உண்டு."

"ஒண்ணும் இல்ல மேடம். தவறான புரிதல்..."

"யாருக்க புரிதல்? அளிக்கப்பட்டதுன்னா யாரு அளிச்சது? ஒண்ணும் தெளிவா இல்லியே. இத வச்சு நாளைக்கு அவியள எப்படி வேலைக்கு எடுக்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பிரின்சி என் கையை விட்டுவிட்டு மேசைக்கு முன்னால் போனாள். சட்டைக்கு மேலே இடுப்பில் விரலால் தட்டினாள். டொக் டொக் என்று கேட்டது.

"இது பெல்ட்டு. எனக்கு முதுகு வளைவு உண்டு. அந்த டீச்சர்தான் பாத்தாங்க. அம்மாட்ட சொல்ல எத்தனையோ மட்டம் வந்தாங்க. அம்மா நம்பல்ல."

அந்த நாலு மாதத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்காத பிள்ளை. எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கிளார்க் அம்மாவிடம் பேனா கேட்டேன். டைப் அடித்த வரிகளுக்குக் கீழே கையால் எழுதினேன்: 'அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. என் மகளின் நோவை என்னிடம் சொல்ல வந்தார். நான் நம்பவில்லை. நம்பாமல் அவரைக் கெட்டவராக எழுதினேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இப்பம் நம்பலாம்" என்று சொல்லி, சீல் வைத்தார்.